கதவிலிருந்து அடுப்படி வரை

ஜனவரி 12

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நடமாட்டமாக இருக்கிறேன். அந்த ஓட்டல் சலவைக்கூடத்தில் நீராவி பட்டு வெந்த கை ஆறிவிட்டதா? அதை முதலில் எழுது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போன் வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லில் நின்று இரண்டு காதையும் தொலைத்தவளுக்குப் போன் எதற்கு? எழுத்தாக அனுப்பலாமே என்கிறாய். ஒன்றைத் தொட்டால் வேறொன்று வருகிறது. நான் படித்த ஐந்தாம் வகுப்புக்குப் பேனாவே போதும். உன் அத்தான் இருந்தவரை அவர் உன்னோடு பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்ப்பேன். போனுக்கும் எனக்கும் அவ்வளவுதான் உறவு.

அவர் போய் நாளையோடு மூன்று மாதம்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. மேஸ்திரிக்கு நான்கு நாளாக வாந்தி. திடீரென்று வந்தது. அதற்கு முந்தின நாள் கூட அலமாரி மேல் ஏறி, கீழே நான் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்தது. "பூனைக்கு மேஸ்திரினு பேர் வச்சது நான் இல்ல, அதுவே வாங்கிக்கிட்டது" என்று உன் அத்தான் சொல்வாரே, அப்படித்தான் இருந்தது.

முதல் நாள் அடுப்படிக்குப் போகும்போது காலில் ஈரமாக மிதித்தேன். மஞ்சள் நுரை. மற்ற வீடுகளில் பூனை வாந்தி எடுத்தால் முதலில் சத்தம்தான் வருமாம். பக்கத்து வீட்டுத் தையல்காரரம்மா சொன்னாள்: "மனுஷன் மாதிரியே உவ்வே உவ்வேன்னு வயித்தைப் பிடிச்சு இழுக்கும்க்கா. உங்களுக்குத் தெரியாம எத்தனை தடவை எடுத்துச்சோ." எனக்கு மிதித்தால்தான் தெரியும். இப்போது வீட்டுக்குள் தரையைப் பார்த்தே நடக்கிறேன்.

உன் அத்தான் கட்டின கதவு நூல் அப்படியே இருக்கிறது. வாசலில் வளையத்தை இழுத்தால் அடுப்படியில் சிவப்புத் துணி குதிக்குமே, அது. மூன்று மாதமாகத் துணி குதிக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அதை இழுக்கக் கூடாது என்று நினைக்கிறார்களோ என்னமோ, வருகிறவர்கள் நேராக உள்ளே வந்து என் தோளைத் தொடுகிறார்கள். திடுக்கிட்டுத் திரும்புகிறேன். யாராவது வந்தால் மேஸ்திரிதான் முன்னால் ஓடிவந்து என் காலில் முட்டும். இந்த நான்கு நாளாக அதுவும் எழுந்து வருவதில்லை.

வேறொன்றும் இல்லை. கை எப்படி என்று எழுது.

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, அது போனால் போகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒரு ஆளுக்குச் சமைக்க வேண்டுமா என்று அடுப்பை மூட்டாமல் இருக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

பூனைக்குப் பயப்படாதே. என்னோடு விரிப்பு மடிக்கிறவள் வீட்டில் மூன்று பூனை. கேட்டேன். "அது உடம்பை நக்கி நக்கி முடியை முழுங்கும். உருண்டையா வெளிய வந்துட்டா சரியாப்போகும்" என்றாள். இருந்தாலும் டாக்டரிடம் காட்டு.

தையல்காரரம்மாவிடம் போனில் பேசினேன். கதவுக்குப் பின்னால் அத்தானுடைய சட்டை இன்னும் தொங்குகிறதாம். அதை மடித்து உள்ளே வை, இல்லை யாருக்காவது கொடு. நூலையும் கழற்றிவிடு அக்கா. இப்போது அழுத்தினால் விளக்கு எரிகிற மணி வந்திருக்கிறது. ஒன்று வாங்கி அனுப்புகிறேன். இல்லாத மனிதர் கட்டின கயிற்றைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் இருப்பாய்?

அத்தான் போனை என்ன செய்தாய்? சும்மா கிடந்தால் உள்ளே பேட்டரி ஊதிக் கெட்டுப்போகுமாம். அதற்கு அவர் போட்ட பூட்டு எண்ணும் உனக்குத் தெரியாது. யாருக்காவது கொடுத்துவிடேன்.

லீவு கேட்டிருக்கிறேன். பார்ப்போம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

நான் சாப்பிடுகிறேன். நீ சாப்பிடு.

மேஸ்திரியை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தையல்காரரம்மா துணி போடும் மூடி வைத்த கூடையைக் கொடுத்து, தானும் கூட வந்தாள். அங்கே ஒரு ஆடு, இரண்டு நாய், கூண்டில் ஒரு கிளி, எல்லாருக்கும் பின்னால் நாங்கள். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். "உங்க பேர் இல்லம்மா, நோயாளி பேரு" என்றார். மேஸ்திரி என்றேன். பேனாவை வைத்துவிட்டுக் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி லீவு லெட்டர் கொடுத்துட்டு வந்தாரா?" என்றார். தையல்காரரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் நினைத்தேன், அவர் போன பிறகு இது முதல் தடவை.

டாக்டர் ஒரு பெண். காது கேட்காது என்றதும் முகத்தை எனக்கு நேராகத் திருப்பி, நிறுத்தி நிறுத்திப் பேசினார். மில்லில் சத்தத்துக்கு நடுவே நாங்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம், அந்தப் பழக்கம் உதவுகிறது. புரியாததைத் தாளில் எழுதிக் காட்டினார். என்ன சாப்பாடு, செடி எதையாவது கடித்ததா, எலி மருந்து வைத்தீர்களா. கடைசியில், "வீட்டுல நூல், கயிறு, ரிப்பன் ஏதாவது அதுக்கு எட்டுற மாதிரி கிடக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மில் வேலையை விட்டபோதே நூலை விட்டுவிட்டேன். கதவு நூல் உத்தரத்தின் கீழே சைக்கிள் கம்பிக் கொக்கிகளில் போகிறது, அது பூனைக்கு எட்டாது. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால், அரிசி டின்னுக்கு அந்தப்பக்கம் எல்லாம் தேடியும் பார்த்துவிட்டேன்.

ஒரு ஊசி போட்டார். பசை மாதிரி ஒரு மருந்து கொடுத்தார், முன்னங்காலில் தடவினால் நக்கிக்கொள்ளும். மூன்று நாளாக வாந்தி இல்லை.

விளக்கு மணி அனுப்பாதே. சட்டையை எடுத்துவிடுகிறேன். போன் அவர் துணிகளோடு பெட்டியில் இருக்கிறது. அது என்ன சோறா கேட்கிறது, கிடந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மேஸ்திரியும் நலமென்று படித்து மனசு லேசானது. லீவு லெட்டர் விஷயத்தைச் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன். எங்கள் மேலாளரும் ஒரு வகையில் பூனைதான், கூப்பிட்டால் வரமாட்டார், கூப்பிடாதபோது பின்னால் நிற்பார்.

இங்கே குளிர் விடவில்லை. விரல் விறைக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சட்டையை எடுத்தாயா? போனைத் துணிகளுக்குள் வைக்காதே, சூடாகித் தீப்பிடிக்கும் என்கிறார்கள். உனக்கு அதைத் திறக்கவும் தெரியாது. தையல்காரரிடம் கொடு, பழைய போன் எடுக்கிற கடையில் போட்டுவிடட்டும்.

உன் தங்கை

*

மார்ச் 10

சின்னவளுக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சரியில்லை.

மேஸ்திரிக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது வருவது வெறும் தண்ணீர். மீனைக் கொதிக்க வைத்து முள்ளெடுத்து வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. சாப்பிடவில்லை. நாள் முழுக்க வாசல் கதவுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது. கையை விட்டுத் தடவித்தான் வெளியே எடுக்கிறேன். முதுகெலும்பு விரலில் தட்டுகிறது. மறுபடி ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், சரியாகாவிட்டால் வயிற்றை எக்ஸ்ரே படம் எடுப்போம் என்றார் டாக்டர்.

ஒரு பூனைக்காக இப்படி அலைகிறாளே என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உதடு பார்க்கத் தெரிந்தவளுக்கு முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் தெரியாது, எதிர்வீட்டு ஜன்னலில் பேசுவது தெரியும். "புருஷனுக்குக் கூட இவ்வளவு ஓடலை" என்றாள் ஒருத்தி.

அவள் சொன்னது பொய்யில்லை. உனக்கு ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

உன் அத்தான் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் எல்லாருக்கும் சொன்னேன். அன்றைக்குக் காலை நெஞ்சு கரிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று பின் அறைக்குப் போனார். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மேஸ்திரி ஓடிவந்து காலில் முட்டியது. மீனுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். காலால் தள்ளினேன். மறுபடி வந்து என் துணி ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தது. "போடா அந்தாண்ட, உனக்கு இல்லாமலா" என்று கொஞ்சம் பலமாகவே தள்ளினேன். வாளியில் போய் இடித்துக்கொண்டது. பிறகு வரவில்லை.

மீனை மசாலா தடவி வைத்துவிட்டு, கை கழுவி, அவரை எழுப்பப் போனேன். கட்டிலில் இல்லை. தரையில் கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். முகம் அடுப்படிப் பக்கமாக இருந்தது, வாய் திறந்திருந்தது. மேஸ்திரி அவர் கைக்குள் படுத்திருந்தது.

அவர் தூங்கவில்லை, சின்னவளே. கூப்பிட்டிருக்கிறார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. பூனைக்குக் கேட்டது. வந்து சொன்னது. வாசலுக்கு வருகிற அந்நியர்களுக்கெல்லாம் நூல் கட்டி வைத்த மனிதர், தன் கட்டிலுக்கு ஒன்று கட்டிக்கொள்ளவில்லை.

அதனால்தான் அலைகிறேன். இதையாவது காப்பாற்ற வேண்டும். இதைப் படித்து அழாதே. நீ தூரத்தில் இருந்தாய், நீ என்ன செய்திருக்க முடியும்?

அக்கா

*

மார்ச் 21

சின்னவளுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. தபால் போய் வர நாளாகும், தெரியும். அதற்குள் சொல்ல வேண்டியது சேர்ந்துவிட்டது.

மூன்று நாள் முன்பு மேஸ்திரி எழுந்து நிற்கவில்லை. கூடையில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா அதன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நாக்கின் அடியில் ஒரு நூல் சுற்றி, சதைக்குள் புதைந்து, தொண்டைக்குள் போகிறது. முதல் தடவையே நாக்கைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். நான் நூல் இல்லை என்று அடித்துச் சொன்னேன் அல்லவா, நம்பிவிட்டார்.

அன்றைக்கே அறுத்தார்கள். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொண்டது, மறு முனை குடலில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் பை சுருங்குமே, குடல் அப்படிச் சுருங்கிக் கிடந்ததாம். எடுத்த நூலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். கழுவிப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்தது. நான்கு இழை சேர்த்து முறுக்கியது. நான் மில்லிலிருந்து கேட்டு வாங்கி வந்து அவரிடம் கொடுத்த நூல்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். சின்னவளே, அவர் போனதிலிருந்து நான் அந்தக் கதவைச் சாத்தினதே இல்லை. பின்பக்கம் அவர் சட்டை இருக்கிறது. அது கண்ணில் படக்கூடாது என்று எப்போதும் முழுசாகத் திறந்து சுவரோடு ஒட்டி வைத்திருப்பேன். ராத்திரிக்குக் கூட வெளிக் கம்பிக் கதவை மட்டும்தான் பூட்டுவேன். நூலைத் தேடின அன்றைக்கும் வீடு முழுக்கப் பார்த்தேன், அங்கே பார்க்கவில்லை.

சட்டைக்குக் கீழே ஒரு ஆணியில் நூல்கண்டு. அறுந்தால் மாற்றுவதற்கென்று மீதி நூலைச் சுற்றி மாட்டி வைத்திருக்கிறார். கொக்கியில் வழுக்கி ஓட வேண்டும் என்று மீன் பொரித்த எண்ணெயைத் தடவுவார், உனக்கு நினைவிருக்கும். மீன் வாசனை. மேலே அவர் சட்டை. பூனை அங்கேதானே போய்ப் படுக்கும். கண்டில் பாதிக்கு மேல் இல்லை.

நீ சட்டையை எடு எடு என்று எழுதினாய். எடுக்கிறேன் என்று எழுதினேனே தவிர எடுக்கவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

இன்னும் ஐந்து நாள் தாண்டினால் பிழைக்கும் என்கிறார்கள். தினம் போய்க் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கம்பிக்குள் விரலை விட்டால் முகத்தால் முட்டுகிறது.

அக்கா

*

மார்ச் 24

சின்னவளுக்கு,

மேஸ்திரி இன்று காலை போய்விட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். குடல் பல இடத்தில் அறுபட்டிருந்ததாம், தைத்தது நிற்கவில்லை. தையல்காரர் கொல்லையில் குழி வெட்டிக் கொடுத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 2

சின்னவளுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதுவது வழக்கம். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தொலைந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றுமா தொலையும்? தையல்காரரம்மா உனக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா, வேலை அதிகமாம், எழுதுறேன்னா" என்றாள். உன் அத்தான் சொன்னால் எவ்வளவு சொல்வார், நீ தும்மினதைக் கூடச் சொல்வார். இவளுக்கு இரண்டு வரிதான்.

என் மேல் கோபமா? அவர் கூப்பிட்டும் நான் போகவில்லை என்று சொன்னேனே, அதற்கா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. திட்டு. காகிதத்தில் திட்டினால் எனக்குக் கேட்கும்.

வீடு எப்படியோ இருக்கிறது. யார் வந்தாலும் தெரிவதில்லை. நேற்று தண்ணீர்க் கேன் போடுகிறவர் என் பின்னால் வந்து நின்றிருக்கிறார், திரும்பிப் பார்த்துப் பாத்திரத்தைப் போட்டுவிட்டேன். அவர் என்னை விட அதிகமாகப் பயந்துவிட்டார்.

மேஸ்திரியின் படம் ஒன்று கூட என்னிடம் இல்லை. உன் அத்தான் தன் போனில் நிறைய எடுத்து வைத்திருந்தார். தையல்காரர் அதைத் திறந்து தருகிறேன் என்கிறார். பூட்டு எண்ணுக்கு நாலைந்து எண் போட்டுப் பார்க்கலாமாம். சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா

*

மே 16

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை.

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. தையல்காரர் போனைத் திறப்பதற்குள் இது உனக்கு வந்து சேர வேண்டும். சேராவிட்டாலும் நான் எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

அன்றைக்கு அத்தான் எனக்குப் போன் செய்தார். மூன்று தடவை.

எனக்குத் தேநீர் இடைவேளை. எட்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். போன் மேசை மேல் இருந்தது. அவர் பெயர் தெரிந்தது. முந்தின வாரம்தான் அவரிடம் இந்த வருஷமும் லீவு இல்லை, வரமுடியாது என்று சொல்லியிருந்தேன். "உன் அக்கா வாசலையே பாத்துட்டு இருக்கா, நாலு வருஷமாச்சு, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா" என்று திட்டியிருந்தார். மறுபடி திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். அது மேசையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. பக்கத்தில் இருந்தவள், "யாருடி, விடமாட்டேங்கிறாங்க?" என்றாள். "எங்க அத்தான். திட்டுறதுக்குக் கூப்பிடுறார். ரொட்டியைத் தின்னுட்டுத் திட்டு வாங்கிக்கிறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரொட்டியைத் தின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே தையல்காரரம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். தூக்கத்தில் போய்விட்டார் என்று சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காலையில் திட்டக் கூப்பிட்டார், அப்புறம் படுத்தார், தூக்கத்தில் போய்விட்டார். அப்படித்தான் ஐந்து மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் மார்ச் கடிதத்தைப் படித்த பிறகு சொல்லிக்கொள்ள முடியவில்லை. நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்துதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுத்திருந்தால் அடுத்த நிமிஷம் தையல்காரரம்மாவைக் கூப்பிட்டிருப்பேன். அவள் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் ஒரு சுவர்தான், அதனாலேயே அத்தான் அவள் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

நீ என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டிருந்தாய். இதைத்தான் செய்திருக்க முடியும்.

போனைக் கொடு கொடு என்று நான் நச்சரித்தது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். மேஸ்திரி போனதற்குக் கூட ஒரு வரி எழுதாமல் இருந்தேன். எப்படி எழுதுவது? அந்த வீட்டில் அன்றைக்கு ஒழுங்காக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

ஜூலையில் இருபது நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். நீ வராதே என்றால் வரமாட்டேன்.

தங்கை

*

ஜூன் 28

சின்னவளுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே தையல்காரர் போனைத் திறந்துவிட்டார். என்னென்னவோ எண் போட்டுப் பார்த்தார், திறக்கவில்லை. அப்புறம் எனக்குத் தோன்றியது, என் மில் டோக்கன் எண்ணைச் சொன்னேன். திறந்துகொண்டது. படங்களைக் காட்டும் முன்னால் அவர் கை தவறி வேறு எங்கேயோ தொட்டுவிட்டது. நின்றுவிட்டார். என்ன என்று கேட்டேன். நானே வாங்கிப் பார்த்தேன். உன் பெயர். பதினொன்று நாற்பது. பதினொன்று நாற்பத்து மூன்று. பதினொன்று ஐம்பத்தொன்று. அந்த நேரத்தில் நான் செதில் உரசிக்கொண்டிருந்திருப்பேன்.

உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். நீயும் ஒரு பெண்ணா என்று கூட எழுதினேன். மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிக்குப் போகக் கிளம்பும்போது உன் கடிதம் வந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. என்னுடையதை அடுப்பில் போட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுத எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை யாருக்கும் சொன்னதில்லை.

மேஸ்திரியை அறுப்பதற்கு முந்தின நாள் அது நடந்து போகும்போது பார்த்தேன். பின்பக்கம் ஒரு விரற்கடை நூல் தொங்கியது. நூல்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். என் கை அதற்குள் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கை செய்த வேலை அதுதான். முனை தொங்கினால் பிடி, இழு, முடிச்சுப் போடு. யோசிக்கிற வேலை இல்லை அது. இழுத்தேன். ஒரு சாண் வந்தது, நின்றது. நின்றதும் விட்டிருக்க வேண்டும். கையில் சுற்றிக்கொண்டு இன்னும் இழுத்தேன். மேஸ்திரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. கத்தியிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்துக்கொண்டே இழுத்தேன். அறுந்து வந்தது.

மறுநாள் டாக்டரம்மா என் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "பின்னால நூல் தெரிஞ்சுதா? இழுத்தீங்களா? இழுத்தா அது வாள் மாதிரி குடலை அறுத்துடும்." நான் இல்லை என்று தலையாட்டினேன். அதைத்தான் உனக்கும் எழுதாமல் விட்டேன்.

உன் அத்தான் அன்றைக்கு மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார், சின்னவளே. என்னைக் கூப்பிட்டார். உன்னைக் கூப்பிட்டார். வந்தது அவர் கூப்பிடாமலே வந்த பூனை. அதுவும் கூப்பிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள். அதை நான் ஒரு தடவை காலால் தள்ளினேன், ஒரு தடவை கையால் கொன்றேன். நீ போனைக் கவிழ்த்து வைத்தாய். இதில் யார் யாரை மன்னிப்பது? எனக்குத் தெரியவில்லை. உன் மேல் கோபம் இல்லையா என்றால் இருக்கிறது. சில நாள் சாப்பிட உட்காரும்போது வருகிறது. அதற்காக நீ வராமல் இருந்தால் அது இன்னும் பெரிதாகத்தான் ஆகும், இந்த வீட்டில் அதற்கு வேறு வேலை இல்லை.

வா.

சட்டையை எடுத்துத் துவைத்து உள்ளே வைத்துவிட்டேன். கண்டை எரித்தேன். மேலே போன நூலையும் தையல்காரர் ஏணி போட்டுக் கழற்றினார். கொக்கிகளை விட்டுவிடச் சொன்னேன். கதவை இப்போது சாத்தித்தான் வைக்கிறேன். பின்பக்கம் இரண்டு ஆணி இருக்கிறது, அவ்வளவுதான்.

எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து சேர்வாய் என்று சரியாக எழுது. வாசலில் நின்று தட்டாதே, கூப்பிடாதே. இங்கே இனி உன்னை எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்து, அதற்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நீ தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துவிடுவேன்.

அக்கா